மலையால் இறங்கி, கரையால் ஏறி: யாழ்ப்பாணம் போக இன்னொரு வழி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடியப்புறம் வந்து இறங்கினால், வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆக்கள் செய்வது ஒன்றுதான். வாசலில் நிற்கும் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றி, பாதி நித்திரையில் புத்தளத்தாலோ குருநாகலாலோ ஓடி, மத்தியானச் சோற்றுக்கு யாழ்ப்பாணத்தில் நிற்பது. நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். கண்டியும் நுவரெலியாவும் மட்டக்களப்பும் எனக்குப் பஸ் பலகையில் வாசித்த பெயர்கள். கடைசி இரண்டு முறையும் காரை வாடகைக்கு எடுத்து, கண்டி, நுவரெலியா, எல்ல, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை என்று சுற்றி வீட்டுக்குப் போனோம். அப்படிப் போக விரும்புகிறவர்களுக்குத்தான் இது.

முழுத்தூரம் ஏறத்தாழ 850 கிலோமீற்றர். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் "ஒரு நாள் ஓட்டம்தானே" என்பார்கள். இங்கே கிலோமீற்றரைக் கணக்கில் எடுக்காதீர்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர்தான். மூன்று மணித்தியாலம் வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, பின்னேரம் ஐந்து மணிக்குத் தங்குமிடத்தில் நிற்பது என்று இரண்டு முடிவு எடுத்தால் மற்றதெல்லாம் தானாக அமையும். செக்கல் நேரத்து வீதியில் மாடு, வெளிச்சமில்லாத சைக்கிள், சில இடங்களில் யானை. ஏழு இரவு வேண்டும். ஐந்தில் முடிக்கலாம், ஆனால் முடித்த பிறகு காரைத்தான் நினைவிருக்கும், ஊரை அல்ல.

எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி. மார்கழி விடுமுறைக்கு வருபவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். வாடைக்காற்று மழை அந்த நேரம் கிழக்கில் வெள்ளத்தையும் ஊவா மலைகளில் மண்சரிவையும் கொண்டுவரும். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் பாலங்களையும் என்ன செய்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை நல்லது. ஆனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரமும் நுவரெலியாவில் முழுக் கொழும்பும் நிற்கும். அறை விலையும் அப்படியே ஏறும்.

பாடசாலை விடுமுறை ஆடி ஆவணியில்தான் என்றால் கவலைப்பட வேண்டாம், அதுவும் நல்ல காலம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே காய்ந்த காற்றாக இறங்கும். மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் காற்று என்று பெயர். நாங்கள் போனபோது நுவரெலியாவில் பனிப்புகாரும் தூறலும். ஹக்கலத் தோட்டம் வரை வைப்பர் ஆடியபடியே இருந்தது. வெலிமடைப் பக்கம் இறங்கினால் வீதி காய்ந்து கிடக்கிறது, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வெயில். பிள்ளைகள் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பருவம்.

வாகனம் ஓட்ட உங்கள் நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தாலும் இலங்கையில் அதற்கு அங்கீகாரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கத் தொடங்கியது. கட்டணமும் விதியும் மாறக்கூடியவை. வாடகை நிறுவனத்திடம் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவையுங்கள். பத்திரம் இல்லாமல் ஓடி மோதினால் காப்புறுதி கை விரிக்கும்.

காரை எடுக்கும்போது அரை மணித்தியாலம் செலவழியுங்கள். கீறல்களை எல்லாரும் படம் எடுப்பார்கள். நான் சொல்வது ஸ்பெயர் ரயரை வெளியே எடுத்துப் பார்ப்பது. எங்களுக்குத் தந்த காரில் அது பொலித்தீன் உறையோடு அழகாக இருந்தது. பொத்துவிலுக்கு முன் காற்றுப் போனபோது உறையைக் கழற்றினால் உள்ளே மொட்டை ரயர். ஜக்கும் சக்கரத் திறப்பும் இருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் காலாவதியாகாமல் காருக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சின்ன விபத்து நடந்தாலும் காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழைக்க வேண்டும், அவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பது அங்குள்ள நடைமுறை.

அங்கே மலிவாகக் கிடைப்பது 660 சிசி சின்னக் கார். இரண்டு பேருக்கு அது போதும். ஐந்து பேரும் எட்டுச் சூட்கேசும் என்றால் றம்பொடை ஏற்றத்தில் அது அழும். பெரிய பெட்டிகளைக் கொழும்பில் யாரிடமாவது கொடுத்து யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆளுக்கொரு தோள்பையோடு மலைக்குப் போங்கள். குழந்தை இருக்கை வேண்டுமானால் நீங்களே கொண்டுபோவது நிச்சயம்.

ஓட்டுவது இடப்பக்கம். லண்டன், அவுஸ்திரேலியா ஆக்கள் இதில் தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து வந்தவை, சிக்னல் தடி வலக்கைப் பக்கம் இருக்கும். முதல் நாள் நான் திரும்பிய சந்தியெல்லாம் சிக்னலுக்குப் பதிலாக வைப்பர்தான் ஆடியது. வலப்பக்கம் ஓடிப் பழகியவர்கள் விமானத்தால் இறங்கிய அன்றே ஓட்டத் தொடங்காதீர்கள். கண்டி வரை சாரதியோடு போய் அங்கே காரை எடுக்கலாம்.

ஊர்களுக்குள் 50, வெளியே 70, அதிவேக வீதியில் 100. இதைவிட எழுதாத சட்டம் ஒன்று முக்கியம். எதிரே வருபவர் லைட்டை அடித்தால் "நீ போ" என்று அர்த்தம் இல்லை. "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். லண்டனில் இது தலைகீழ். தனியார் பஸ் அப்படி அடித்துக்கொண்டு உங்கள் பாதையில் வந்தால் மரியாதையாக ஓரங்கட்டுங்கள். நியாயம் பேச இடம் அதுவல்ல.

இனி மலை. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுவது ஏ5 வீதி. ஏறுவது பெரிய விஷயமில்லை. ஆபத்து இறங்குவதில்தான், அதை நான் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 2025இல் மட்டும் இந்த வழியில் இரண்டு பெரிய பஸ் விபத்து: மே மாதம் கொத்மலைப் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பதினைந்து பேர். அந்த எல்ல–வெல்லவாய இறக்கம் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை, அதற்குள் 800 மீற்றர் உயரம் குறைகிறது. இராவணன் அருவி அந்த வழியில்தான் இருக்கிறது; அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதீர்கள், தரிப்பிடத்தில் விட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள்.

பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, எண்ணெய் கொதித்து, ஒரு கட்டத்தில் கால் வெறுமனே உள்ளே போகும். கியர்க் காரென்றால் ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோமற்றிக்கில் 'டி'க்குக் கீழே 'எல்' அல்லது 'எஸ்' இருக்கும். ஜப்பான் ஹைபிரிட் கார்களில் 'பி' என்று ஓர் எழுத்து இருக்கும். பனி நாட்டிலிருந்து வந்த என் மச்சான் அதைப் பத்து வருடம் கண்டும் தொட்டதில்லை, பற்றறி என்று நினைத்திருக்கிறார். இறக்கத்தில் அதைப் போட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தேவையான இடத்தில் அழுத்தி அழுத்தி விடுங்கள். கருகிய மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒடுங்கிய இடத்தில் ஏறி வருபவருக்கு வழிவிடுவது மலை முறை. திருப்பத்தில் ஹோர்ன் அடிப்பது அங்கே சண்டை இல்லை, அறிவிப்பு.

கைபேசி வரைபடம் சில நேரம் "பத்து நிமிடம் குறைவு" என்று தேயிலைத் தோட்டத்து வழிக்குள் திருப்பிவிடும். நம்பாதீர்கள், பிரதான வீதியிலேயே நில்லுங்கள். மழை பெய்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். தங்குமிடக்காரரிடம் "நாளைக்கு வழி திறந்திருக்கிறதா" என்று கேட்பது அதைவிட வேகமான வழி. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

சீதா எலியவில் சீதையம்மன் கோயில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் நான் சொல்லாமலே போய்ப் பார்ப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் அக்காமாருடைய பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 2023இல் மலையகம் அந்த வருகையின் 200 வருடத்தை நினைவுகூர்ந்தது. வெள்ளைக்காரர் மாதிரிக் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு ஓடாமல் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள். "எந்த ஊரு, லண்டனா?" என்று அவர்களே தொடங்குவார்கள்.

வெல்லவாயவுக்குப் பிறகு சமவெளி, வெக்கை. மொனராகலையில் பெற்றோலை நிரப்புங்கள், காசும் கையில் வைத்திருங்கள். சியம்பலாண்டுவை தாண்டி லகுகலைக் காட்டுக்குள் வீதி போகும். பின்னேரம் யானைகள் குளத்துக்கு வரும் நேரம். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். இறங்கவும் வேண்டாம், ஹோர்னும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம். மூன்று மணிக்கு முன் பொத்துவிலுக்குள் போய்விட்டால் இந்தக் கதையே இல்லை. ஆனி ஆடியில் போனால் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரரை இந்தக் கரை வீதியில் காண்பீர்கள்.

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை 110 கிலோமீற்றர் அளவில் வரும். கோமாரி, திருக்கோவில் வரை காற்றோட்டமான வீதி. அக்கரைப்பற்றிலிருந்து ஊர் விட்டு ஊர் தொடங்கும்: காரைதீவு, கல்முனை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி, ஒன்றின் மதில் முடியுமிடத்தில் மற்றது தொடங்கும். மோட்டார் சைக்கிள்கள் எந்தப் பக்கத்தாலும் வரும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடைகள் பூட்டியிருக்கும், பள்ளிவாசல் முன்னால் வீதி நிறையும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத் திருக்கோவில் கடற்கரைக் கோயிலில் கழிக்கலாம். காரைதீவு விபுலானந்த அடிகள் பிறந்த ஊர், 1892இல்.

மட்டக்களப்பில் இரண்டு இரவு வையுங்கள். ஓட்டுகிறவருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் பூரணைக்குக் கிட்ட, அலை இல்லாத இரவில், படகு பிடித்துப் போங்கள். துடுப்பின் நுனியைக் காதில் வைத்து மறு நுனியைத் தண்ணீருக்குள் விடச் சொல்வார்கள். எனக்குக் கேட்டது. மனைவிக்குக் கேட்கவில்லை. இன்றுவரை நான் பொய் சொல்கிறேன் என்கிறா.

அங்கிருந்து ஏ15. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை 130 கிலோமீற்றர். முன்பு இந்த வழியில் வாகனத்தைப் 'பாதை'யில் ஏற்றித்தான் ஆறும் கழியும் கடந்தார்கள். கிழக்கில் படகுத் தெப்பத்துக்குப் பாதை என்றுதான் பெயர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. வாகரைப் பக்கம் கைபேசி அலை விட்டு விட்டு வரும், வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். பாசிக்குடாவில் குளிக்கலாம், பிள்ளைகளுக்கு இடுப்பளவு ஆழம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு வெள்ளனவே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது.

கடைசி நாள்தான் நீளம், 235 கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானையால் வவுனியாவுக்கு ஏறி, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் சேருங்கள். வீதி நேராக, நல்லதாக, வெறுமையாக இருக்கும். காலும் தானாகக் கீழே போகும். பொலிஸார் வேகமானியோடு மர நிழலில் நிற்பது இங்கேதான்.

மாங்குளம் தாண்டினால் முறிகண்டி. எந்த வாகனமும் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்துவிட்டு எதிரே கச்சான் வாங்குங்கள். கிழக்கில் காற்றுக்கு வைத்த பெயர் இங்கே கடலைக்கு. நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். "முறிகண்டியில் நிற்கிறோம்" என்றால் எத்தனை மணிக்குப் புட்டை இறக்குவது என்று அவர்களுக்குத் தெரியும். கச்சானைப் பின் இருக்கையில் கொடுத்துவிடுங்கள். ஆனையிறவுக்கு அங்கால் காற்று பக்கவாட்டில் அடிக்கும், ஸ்ரியரிங்கில் இரண்டு கையும் இருக்க வேண்டும்.