வார்டு வேலையை விடாமல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தது: என் அனுபவம்

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து வார்டில் வேலை பார்க்கும் பலருக்கும் பி.எஸ்சி. ஆசை உண்டு, ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு காலேஜ் போக யாரால் முடியும்? நான் பிடித்தது இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், அதாவது டிப்ளமா முடித்த நர்ஸ்களுக்கான பட்டப் படிப்பு. சேர வேண்டுமானால் நர்சிங் கவுன்சில் பதிவு, பிளஸ் டூ, 2 வருட அனுபவம், அப்புறம் நுழைவுத் தேர்வு. குறைந்தது 3 வருடம் ஆகும். பெயர்தான் தொலைநிலை, பிராக்டிகலுக்கு ஸ்டடி சென்டருக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

சிக்கலே அங்கேதான். லீவு என்றாலே இன்சார்ஜ் சிஸ்டர் முகம் மாறும். அதனால் வகுப்பு அட்டவணை கைக்கு வந்ததுமே ஒரு நகல் எடுத்து, டியூட்டி ரோஸ்டர் போடுவதற்கு முன்பே அவர் மேஜையில் வைத்து, பதிலுக்கு யாரும் விரும்பாத தீபாவளி, பொங்கல் நைட் டியூட்டிகளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதோடு பேச்சு நின்றது. செய்த பிராக்டிகலைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள், கடைசியில் மொத்தமாக நீட்டினால் எந்த மேடமும் போட மாட்டார்.

தியரியில் மைக்ரோபயாலஜிதான் பயமுறுத்தியது. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வார்டுக்கு வருமே, அதை வைத்தே படித்தேன். சிறுநீரில் ஈ.கோலை, எந்த மருந்துக்கு நேரே எஸ் (கேட்கும்), எதற்கு ஆர் (கேட்காது), டாக்டர் ஏன் ஆன்டிபயாடிக்கை மாற்றினார் என்று நைட் ரவுண்ட்ஸ் முடிந்ததும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், மறக்கவே மறக்காது. உயிர்வேதியியலுக்கும் இதே வழிதான், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்கா பஞ்சம்! அசைன்மென்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது போய்ச் சேராவிட்டால் பருவத் தேர்வு எழுத முடியாது.