பழைய செங்கல் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையைச் சீர்செய்யும் முறை

சிமென்ட் பரவலாவதற்கு முன் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட செங்கல் வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. அந்தக் காரை உதிர்ந்து கற்களுக்கிடையே பள்ளம் விழுந்ததும், பலர் சிமென்ட் கலவையைக் குழைத்து அடைத்துவிடுகிறார்கள். பழைய சூளைக் கற்கள் மென்மையானவை என்பதால் இது சுவருக்குக் கேடாகவே முடிகிறது. சுவர் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்பு இணைப்புகளின் வழியே எளிதில் ஆவியாகும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரமும் அதில் கரைந்துள்ள உப்பும் செங்கல்லின் வழியே வெளிவர, உப்பு படிகமாகி, கல்லின் முகப்பு செதில் செதிலாகப் பொரிந்து விழும். ஆகவே அடைக்கும் கலவை எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டறியுங்கள். ஒழுகும் குழாயும் சுவரில் முளைத்த அரசங்கன்றும் அப்படியே இருக்கும்வரை புதிய காரையும் நிலைக்காது. படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடினாலோ சுவர் பிதுங்கியிருந்தாலோ வேலையைத் தொடங்காமல் கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

அடுத்து, இணைப்பின் அகலத்தைவிடக் குறுகிய உளியாலும் சிறு சுத்தியலாலும் தளர்ந்த காரையைச் சுரண்டி எடுங்கள். இணைப்பு 10 மி.மீ. அகலமானால் 20 முதல் 25 மி.மீ. ஆழம் வரை எடுக்கலாம். உறுதியாக இருக்கும் காரையைத் தொட வேண்டாம். கிரைண்டர் என்னும் மின் அறுப்புக் கருவியால் வேலை விரைந்து முடியும் என்பது உண்மைதான், ஆனால் பழக்கமில்லாத கையில் அது கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். பிறகு தூசியைத் தூரிகையால் துடைத்து, சுவரில் நீர் தெளித்து, ஈரம் உள்ளிறங்கி மேற்பரப்பில் நீர் தேங்காத நிலை வரும்வரை பொறுங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொண்டால் காரை இறுகாமல் பொடியாகிவிடும்.

நன்றாக நீற்றி (அதாவது, சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்துத் தணித்து) ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்று மணல் 3 பங்கு என்ற அளவு பொதுவாகப் பொருந்தும். உப்புள்ள கடல் மணல் கூடவே கூடாது. ஈரமான இடங்களில் சிறிது செங்கல் தூள் சேர்த்தால் விரைவில் இறுகும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது கைதேர்ந்த கொத்தனார்களின் முறை. தொடக்கநிலையில் அவை இல்லாமலே வேலை நடக்கும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். சுட்ட சுண்ணாம்பை வீட்டில் நீற்ற முயலாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும். உருட்டினால் உருண்டையாக நிற்கும் கெட்டிப் பதத்தில் கலவை இருக்கட்டும்.

நேர்வெயில் படாத நேரத்தில் மேலிருந்து கீழாக, ஒல்லியான கரண்டியால் கலவையை உள்ளே அழுத்தித் திணியுங்கள். ஒரே தடவையில் நிரப்பாமல் 6 முதல் 8 மி.மீ. வரையிலான அடுக்குகளாக நிரப்பி, கட்டைவிரல் பதியாத அளவுக்கு ஒன்று இறுகிய பிறகே அடுத்ததை வையுங்கள். இறுதி அடுக்கு கல்லின் முகப்பைவிடச் சற்றே உள்வாங்கியிருப்பது நல்லது.

காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றே சுண்ணாம்பு இறுகும். அதற்குச் சிறிது ஈரமும் தேவை. ஒரு வாரமாவது நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டுச் சுவரைக் காயவிடாமல் காத்து, கனமழையிலிருந்தும் மறையுங்கள். பிறகு வெள்ளையடிப்பதானால் சுண்ணாம்பையே அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் சுவரின் ஈரம் மறுபடியும் உள்ளேயே அடைபடும்.