ஊட்டியில் தோடர் பூவேலை வாங்க நினைப்பவர்களுக்கு

ஊட்டிக்குப் போகிறவர்கள் தைலம், வர்க்கி, சாக்லேட் வாங்கிக்கொண்டு மலையிறங்கி விடுகிறார்கள். இன்னும் அரை நாள் ஒதுக்க முடிந்தால் தோடர் பெண்களின் பூவேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவர்கள் போர்த்தும் சால்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் வேலை. துணியில் முன்கூட்டி எதுவும் வரைவதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதுமில்லை. இழைகளை விரலால் எண்ணிக்கொண்டே ஊசியை ஓட்டுகிறார்கள். கண்ணுக்கு நெசவு போலவே தெரியும். ஒரு முழுச் சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். விலையைக் கேட்டு முகம் சுளிக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பேரம் வேண்டாம்.

2013இல் இதற்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஆனாலும் இயந்திரத்தில் செய்த நகல்கள் கடைகளில் தொங்குகின்றன. துணியைத் திருப்பிப் பாருங்கள்: கைவேலையில் ஒரு பக்கம் வழவழப்பாகவும், மறுபக்கம் நூல் சற்றே எழும்பிச் சொரசொரப்பாகவும் இருக்கும். நாம் பின்பக்கம் என்று நினைக்கும் அந்தச் சொரசொரப்புப் பக்கம்தான் தோடர்களுக்கு முன்பக்கம். வெறும் அச்சு என்றால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் தொண்டு நிறுவனம், அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் மூன்றும் உண்டு. முதலில் இவர்கள் வழியாக விசாரியுங்கள். முழுச் சால்வைதான் வாங்க வேண்டும் என்றில்லை. பை, மேசை விரிப்பு, கழுத்துத் துண்டு எல்லாம் செய்கிறார்கள். குறிப்பிட்ட அளவில் வேண்டுமானால் ஊரிலிருந்து கிளம்புமுன்பே சொல்லி வைப்பது நல்லது.

தோடர் குடியிருப்பை மந்து என்பார்கள். தெரிந்தவர் யாராவது கூட்டிப்போனால் மட்டும் போங்கள். அவர்களுக்குத் தனி மொழி உண்டு, ஆனால் தமிழும் பேசுவார்கள். நமக்கு அது பெரிய வசதி. கோயிலுக்குள் நுழையக் கூடாது, பெண்கள் அதன் அருகில் போவதற்கும் கட்டுப்பாடு உண்டு, எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைத்துக்கொண்டிருப்பவரைப் படம் எடுப்பதற்கு முன்னும் கேளுங்கள். எடுத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நழுவுகிறவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், பயண ஏற்பாடு. 2024 மே முதல் நீலகிரிக்கு வாகனத்தில் வர இ-பாஸ் வேண்டும். கிளம்புமுன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிடுங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

வாங்கிய துணியை வெந்நீரில் போடாதீர்கள், இயந்திர உலர்த்தியும் வேண்டாம். குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் காயவைத்தால் போதும்.