ஜாங்கோவில் 500 பிழை: தடயமே இல்லாமல் மறையவிடாதீர்கள்

ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) கட்டிய தளத்தைச் சர்வரில் ஏற்றும்போது, பிழை விவரங்களைத் திரையில் காட்டும் டீபக் அமைப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ட்ரூ என்றே விட்டுவிட்டால், பிழை வரும்போதெல்லாம் கோட் வரிகளும் வேரியபிள்களின் மதிப்புகளும் செட்டிங்ஸும் பார்வையாளர் முன்னால் விரிந்து கிடக்கும். பெயரில் கீ, பாஸ், டோக்கன், சீக்ரெட் போன்ற சொற்கள் இருக்கும் அமைப்புகளை ஜாங்கோ நட்சத்திரக் குறியிட்டு மறைக்கும். ஆனால் அதே கடவுச்சொல்லை 'மெயில்_பிடபிள்யூடி' என்று சுருக்கிப் பெயரிட்டிருந்தால் அது மறையாது.

பலருக்குத் தெரியாதது, ஃபால்ஸ் ஆக்கிய பிறகு நடப்பதுதான். ஜாங்கோவின் இயல்பான லாகிங்கில் (நடப்பதைப் பதிவுசெய்யும் ஏற்பாடு) கன்சோலுக்கு எழுதும் ஹேண்ட்லர், அதாவது பதிவை ஓரிடத்துக்கு அனுப்பும் பகுதி, டீபக் ட்ரூவாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஃபால்ஸ் ஆனதும் 500 பிழைகள் (சர்வருக்குள் கோட் உடைவதால் வருபவை) 'அட்மின்ஸ்' பட்டியலில் உள்ளவர்களுக்கு மின்னஞ்சலாக மட்டுமே போகும். அந்தப் பட்டியலோ தொடக்கத்தில் காலி. பயனர் 'சர்வர் எரர் (500)' என்ற ஒற்றை வரியைப் பார்ப்பார், ட்ரேஸ்பேக் (பிழை எந்த வரியில், எந்த வழியாக வந்தது என்ற விவரம்) எங்கும் பதிவாகாது. எக்ஸெப்ஷனை, அதாவது கோடில் எழும் பிழையை, ஜாங்கோவே பிடித்துவிடுவதால், தளத்தை ஓட்டும் கனிகார்னின் எரர் லாகிலும் அது இருக்காது.

எனவே முதல் வேலை லாகிங். செட்டிங்ஸில் லாகிங் டிக்‌ஷனரி ஒன்றை எழுதுங்கள்: வெர்ஷன் 1, ஒரு ஸ்ட்ரீம்ஹேண்ட்லர், அதை ரூட் லாகரில் (மற்ற லாகர்களின் பதிவுகளும் வந்துசேரும் மேல் லாகர்) வார்னிங் மட்டத்தில் இணைப்பு. 'டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லாகர்ஸ்' என்பதை மறக்காமல் ஃபால்ஸ் ஆக்குங்கள். எழுதாமல் விட்டால் அது ட்ரூ என்றே கொள்ளப்படும். ஏற்கெனவே உருவான லாகர்கள் ஊமையாகிவிடும். ஃபார்மேட்டில் நேரம், மட்டம், லாகர் பெயர் மூன்றும் இருக்கட்டும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழியாக ஓடும் சர்வரில் இனி ஜர்னல்சிடிஎல் கட்டளையிலேயே முழு ட்ரேஸ்பேக்கும் கிடைக்கும்.

இரண்டே நாளில் லாக் குப்பையாகும். வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி வரும் பாட்கள் ஒவ்வொன்றும் ஒரு 404 (பக்கம் இல்லை) வார்னிங்கை விட்டுப்போகும். 'ஜாங்கோ.ரிக்வெஸ்ட்' லாகரின் மட்டத்தை எரருக்கு உயர்த்தினால் அவை நின்றுவிடும். ஐபி முகவரியை நேரடியாகத் தட்டுபவர்களால் வரும் 'டிஸ்அலவ்ட்ஹோஸ்ட்' எரர் மட்டத்திலேயே பதிவாகி மின்னஞ்சலாகவும் வரும். 'ஜாங்கோ.செக்யூரிட்டி.டிஸ்அலவ்ட்ஹோஸ்ட்' லாகருக்கு எதையும் எழுதாத நல்ஹேண்ட்லர் கொடுத்து, மேல் லாகருக்குப் பதிவை அனுப்பும் ப்ராபகேட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதற்குமுன், உங்கள் டொமைன், தளம் ஏற்கும் முகவரிகளைக் கொண்ட 'அலவ்ட்_ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாப் பக்கமும் 400 பிழைதான்.

அடுத்து மின்னஞ்சல். சிக்கல் பெரும்பாலும் அனுப்புநர் முகவரியில் இருக்கும். 'சர்வர்_ஈமெயில்' அமைப்பின் இயல்பு மதிப்பு 'ரூட்@லோக்கல்ஹோஸ்ட்'. பல மெயில் சர்வர்கள் அதை ஏற்காது. பிழை அறிக்கையை அனுப்பும் ஹேண்ட்லரோ, அனுப்ப முடியாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் சொந்த டொமைன் முகவரியை வைத்துவிட்டு, சர்வரிலேயே மேனேஜ்.பை கோப்பின் 'சென்ட்டெஸ்ட்ஈமெயில்' கட்டளையை '--அட்மின்ஸ்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இது தோற்றால் காரணம் டெர்மினலிலேயே தெரியும். 'ஈமெயில்_டைம்அவுட்' அமைப்பை 5 நொடி என்று வையுங்கள். பிழை மடல் பயனரின் ரிக்வெஸ்டுக்குள்ளேயே அனுப்பப்படுகிறது. இயல்பில் காலவரம்பு கிடையாது. மெயில் சர்வர் தொங்கினால் பயனரும் தொங்குவார், 30 நொடியில் கனிகார்ன் அந்த வொர்க்கரைக் கொல்லும் வரை.

பிறகு உண்மையான சோதனை. யாரும் ஊகிக்க முடியாத முகவரியில் 1-ஐ 0-ஆல் வகுக்கும் வியூ (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) ஒன்றை வைத்து பிரவுசரில் திறங்கள். பிழைப் பக்கம், லாகில் 'ஜீரோடிவிஷன்எரர்', அட்மின் மடல் மூன்றும் வந்தாக வேண்டும். பார்த்ததும் வியூவை நீக்கிவிடுங்கள்.

அந்தப் பிழைப் பக்கத்துக்கான 500.எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுக்கு ஜாங்கோ எந்தக் கான்டெக்ஸ்ட்டும் (டெம்ப்ளேட்டில் நிரப்பும் தரவு) தராது. பயனர் விவரம் போன்றவற்றைத் தானாகச் சேர்க்கும் கான்டெக்ஸ்ட் பிராசஸர்கள் ஓடாது. பேஸ் டெம்ப்ளேட்டை அதில் நீட்டித்தால், உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கும் 'லாகின்' பொத்தான் தெரியும். சிஎஸ்எஸ்ஸையும் உள்ளேயே எழுதி, எதையும் சாராத தனிக் கோப்பாக வையுங்கள்.

கோடில் இரண்டு பழக்கங்களை மாற்றினாலே பாதி வேலை முடியும். 'எக்ஸெப்ட்' போட்டு 'பாஸ்' எழுதுவது, இவ்வளவு ஏற்பாட்டையும் வீணாக்கும் வரி. பிழையை விழுங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அங்கே 'லாகர்.எக்ஸெப்ஷன்' அழையுங்கள், ட்ரேஸ்பேக் தானாகச் சேரும். இல்லாத பதிவை 'கெட்' கொண்டு தேடினால் 404 வர வேண்டிய இடத்தில் 500 வரும். அங்கே 'கெட்_ஆப்ஜெக்ட்_ஆர்_404' போதும்.

கடவுச்சொல், அட்டை எண் வாங்கும் வியூக்களுக்கு 'சென்சிடிவ்_போஸ்ட்_பாராமீட்டர்ஸ்' டெகரேட்டர் கட்டாயம். அந்த மதிப்புகளைப் பிழை மடலில் மறைப்பது அதுதான். அது இல்லையென்றால் பயனர் தட்டியது மடலில் அப்படியே வந்து, உங்கள் இன்பாக்ஸில் தங்கிவிடக்கூடும்.