உதவி கேட்கப் போகும்போது கஷ்டத்தை மறைக்காதீர்கள்

புது நாட்டுக்கு வந்ததும் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அலைவதில் மாதங்கள் ஓடிவிடும். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால், அவருக்கான உதவியை "எல்லாம் ஒழுங்கான பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைப்பவர்கள்தான் அதிகம். பல சேவைகளுக்கு நீண்ட காத்திருப்பு உண்டு. நீங்கள் விண்ணப்பித்த பிறகுதான் அது தொடங்கவே செய்யும்.

முதலில் உங்கள் விசாவுக்கு எது கிடைக்கும் என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளுக்குப் பணம் தரும் ஆஸ்திரேலியாவின் என்.டி.ஐ.எஸ். திட்டத்தில் சேரப் பொதுவாகக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும், 65 வயதுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். அதே நாட்டின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 10 ஆண்டு வதிவு தேவை. இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் (PIP) எனப்படும் உதவித்தொகைக்குக் கடைசி 156 வாரங்களில் 104 வாரமாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. இவை பணம், சேவை பற்றிய விதிகள். விசாவைப் பாதிக்குமா என்ற பயம் இருந்தால் உறவினரைக் கேட்காமல் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் இதைப் பற்றி உலவும் தகவல்களில் பாதி வேறு நாட்டுக்கானவை.

அடுத்தது மதிப்பீடு. என் பார்வையில் எல்லாமே இங்கேதான் தீர்மானமாகிறது. அதிகாரியோ சமூகப் பணியாளரோ வந்து, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வெளியே போவது என ஒவ்வொன்றாகக் கேட்பார். நம் வீடுகளில் உடனே வரும் பதில், "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்." வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டு போவார், உதவி தேவையில்லை என்று முடிவு வரும். அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைப்பதும் உதவிதான். அதையும் கணக்கில் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு யார், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் உதவினார்கள் என்று குறித்துவையுங்கள். வந்தவர் முன்னால் அன்று ஒருநாள் சிரமப்பட்டு எழுந்து நடந்து காட்ட வேண்டாம். மோசமான நாளில் என்ன ஆகிறது, அப்படிப்பட்ட நாள் மாதத்தில் எத்தனை என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் பராமரிக்கும் உறவினரும் தமக்கெனத் தனி மதிப்பீடு கேட்கலாம். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மகளையோ மருமகனையோ வைத்துச் சமாளிக்காதீர்கள். கழிப்பறை விஷயத்தை மகள் முன்னால் எந்த அப்பா வாய்விட்டுச் சொல்வார்?

கேள்வி மாற்றுத்திறனாளியை நோக்கி வரும்போது அண்ணனோ மாமாவோ முந்திக்கொண்டு பதில் சொல்வதும் நம் பழக்கம். அதை அன்றைக்காவது விடுங்கள். 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில், மாற்றுத்திறனாளிகள் தம் வாழ்வைத் தாமே நடத்தத் துணைநிற்கும் சுயவாழ்வு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் ராபர்ட்ஸ், போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சுவிடவே இயந்திரத்தின் துணை தேவைப்பட்டவர். அவரும் தோழர்களும் கேட்டது, யார் எப்போது எப்படி உதவ வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமை. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையை 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் சொல்கிறது.

அந்த முடிவுரிமை நடைமுறையில் பணமாகவும் வரும். பல நாடுகளில் சேவைக்குப் பதில் தொகையை உங்கள் கையில் தந்து, உதவியாளரை நீங்களே அமர்த்திக்கொள்ள விடுவார்கள். தமிழ் பேசும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள்: சம்பளக் கணக்கு, வரி, விடுமுறை எல்லாம் உங்கள் தலையில். கூட வாழும் உறவினருக்கு அந்தப் பணத்தில் சம்பளம் தரப் பல இடங்களில் அனுமதி கிடையாது. கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

சக்கர நாற்காலியை அவசரப்பட்டுக் கடையில் வாங்கவும் வேண்டாம். கனடாவின் ஒண்டாரியோவில் அரசின் உதவிக்கருவித் திட்டம் பெரும்பாலான கருவிகளின் விலையில் 75 சதவீதத்தை ஏற்கும். அதற்கு முதலில் அத்திட்டத்தில் பதிவுபெற்ற நிபுணர் மதிப்பிட வேண்டும்.

முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கலாம், ஆனால் கெடு குறுகியது: பிப்புக்கு பொதுவாக ஒரு மாதம், என்.டி.ஐ.எஸ். முடிவுக்கு மூன்று மாதம். கடிதம் புரியவில்லை என்றால் வந்த அன்றே யாரிடமாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுங்கள்.