கேடோ ஏரியில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே கயாக்: முதன்முறை போகிறவர்களுக்கு

டெக்ஸாஸ், லூசியானா எல்லையில் இருக்கிறது கேடோ ஏரி. டாலஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். இங்கே சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே அடர்ந்து நிற்கும். அதனால் வேகமாகத் துடுப்புப் போடத் தெரிய வேண்டியதில்லை. கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகைத் திருப்பவும், வந்த வழியே திரும்பி வரவும் தெரிந்தால் போதும்.

முதலில் நாளைக் குறியுங்கள். அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்கள்தான் என் தேர்வு. வெயில் தணிந்திருக்கும், இலைகள் செம்பழுப்பாக மாறியிருக்கும். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலை முழுவதையும் கொட்டிவிடுவதால்தான் இதற்கு மொட்டை சைப்ரஸ் என்று பெயர். கார்னாக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மாநிலப் பூங்காவில் கூடாரம் போடலாம். வார இறுதி என்றால் சீக்கிரமே முன்பதிவு செய்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். டெக்ஸாஸ் சட்டப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சிறு படகில் அதை அணிந்தே ஆக வேண்டும். பெரியவர்களும் கழற்றாதீர்கள். போன், சாவி, மாற்றுச் சட்டை எல்லாம் தண்ணீர் புகாத பையில்.

அடுத்து, பூங்காவுக்குள் இருக்கும் சா மில் குளத்தில் அரை மணி நேரம் திருப்பிப் பழகுங்கள். வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கத் துடுப்பை முன்னால் பாதத்தருகே இறக்கி, அகலமாக அரைவட்டம் போட்டுப் பின்னால் கொண்டு வாருங்கள். கையால் மட்டும் இழுத்தால் பத்தே நிமிடத்தில் தோள் வலிக்கும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புங்கள். நிறுத்த வேண்டுமென்றால் இரு பக்கமும் மாறி மாறிப் பின்னோக்கித் துடுப்புப் போடுங்கள்.

இனி மரங்களுக்குள் போகலாம். அடிமரம் பானை போல உப்பியிருக்கும். அதைச் சுற்றி வேர்கள் முழங்கால் மடக்கியது போல முண்டு முண்டாக மேலெழுந்திருக்கும். சில முண்டுகள் நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். என் கயாக் அப்படி ஒன்றின் மேல் ஏறி, அடிப்பக்கம் 'கரகர'வென்று உரசி நின்றது. பதறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கவிழ்ந்திருப்பேன். நேராக உட்கார்ந்து, மெல்லப் பின்னோக்கித் துடுப்புப் போட்டதும் விடுபட்டது. கிளையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள்: கயாக் நகர்ந்துவிடும், நீங்கள் தொங்குவீர்கள்.

வழி தவறுவதுதான் இங்கே உண்மையான ஆபத்து. நரைத்த தாடி போல ஸ்பானிஷ் பாசி தொங்க, எல்லா மரமும் ஒன்று போலவே தெரியும். ஏரியின் படகுப் பாதைகளில் எண் எழுதிய பலகைகள் உண்டு. ஒவ்வொன்றையும் கடக்கும்போது படமெடுத்துக்கொள்ளுங்கள், திருப்பம் வரும்போதெல்லாம் ஒருமுறை பின்னால் பாருங்கள். இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே திரும்பத் தொடங்கிவிடுங்கள். முதலையைக் கண்டால் 30 அடியாவது விலகியே இருங்கள், தீனி போடாதீர்கள்.

கரையேறியதும் ஒரு வேலை மிச்சம். ஜயன்ட் சால்வீனியா என்ற மிதக்கும் களை இந்த ஏரியை மூச்சுத் திணற வைக்கிறது. சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டு போனாலும் அடுத்த ஏரியிலும் பரவிவிடும். கயாக்கைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, இருக்கைக்கு அடியிலும் துடுப்பின் இணைப்பிலும் விரல்விட்டுத் துழாவி, ஒட்டியிருக்கும் பச்சையையெல்லாம் எடுத்துவிட்டுக் காயவையுங்கள். அதற்குப் பிறகு கார் மேல் ஏற்றிக் கட்டலாம்.