மெல்லிய ஒலியில் மட்டும் கேட்ட கரகரப்பு

நானே கட்டிய ஏபி வகுப்பு ஆம்பிளிஃபயரில் (அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இரு டிரான்சிஸ்டர்கள் பகிர்ந்து சுமக்கும் வகை) ஒலியைக் கூட்டினால் குறை தெரியாது. குறைத்தால் மட்டும் வயலினின் நீண்ட சுரங்கள் மணல் கலந்தாற்போல் கரகரத்தன. முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், வீணாக. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைப் பார்த்தபோது, அது பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் சிறு படி ஒன்று தெரிந்தது. மேல்பாதியைச் சுமக்கும் டிரான்சிஸ்டர் ஓய்ந்து, கீழ்ப்பாதிக்கானது விழிப்பதற்குள் நேரும் இந்த இடைவெளி மூல அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்குகளில் ஒலிக்கும் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளைக் கிளப்புகிறது. அவை சொற்பமே ஆனாலும், மெல்லிய இசையில் அவற்றை மறைக்க எதுவுமில்லாததால் காது உடனே கண்டுகொள்கிறது. உள்ளீட்டைத் துண்டித்து, டிரான்சிஸ்டரோடு தொடராக உள்ள 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தால் 2 மில்லிவோல்ட்தான் இருந்தது. டிரான்சிஸ்டர்கள் முழுதாக ஓய்ந்துவிடாதபடி அவற்றில் எப்போதும் சிறிது மின்னோட்டம் ஓடவைக்கும் பயாஸ் பிரிசெட்டை மெல்லத் திருகி 22 மில்லிவோல்ட்டுக்கு, அதாவது 100 மில்லிஆம்பியருக்குக் கொண்டுவந்து, டிரான்சிஸ்டர்களின் வெப்பத்தை வாங்கும் ஹீட்சிங்க் சூடேறியபின் மறுபடியும் சரிபார்த்தேன். படி மறைந்தது, கரகரப்பும்.